அப்டேட்டுக்கு அப்பறம் கேம் ஜெர்க் அடிக்குதா? ஜிபியு ப்ரீஎம்ப்ஷன்தான் காரணமான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணதுக்கு அப்பறம் கேம்ல எஃப்பிஎஸ் என்னவோ பழையபடி 60-னுதான் காட்டுது, ஆனா கேமராவைத் திருப்பினா ஜெர்க் அடிக்குது, பக்கத்து விண்டோல யூட்யூப் ஓடினா இன்னும் மோசம், எல்லாத்தையும் மூடிட்டு கேமை மட்டும் ஃபுல்ஸ்க்ரீன்ல போட்டா நல்லா ஓடுது. இந்த மூணும் சேர்ந்து வந்துச்சுன்னா, ஜிபியுல ஓடிட்டிருக்கற வேலையை நடுவுல நிறுத்திட்டு வேற வேலைக்கு வழி விடற விதம், அதாவது ப்ரீஎம்ப்ஷன், மாறியிருக்கலாம்னு சந்தேகப்படலாம். இப்போதைக்கு சந்தேகம் மட்டும்தான், ஏன்னா இதே மூஞ்சியோட வர்ற வேற ஆளுங்க நாலஞ்சு பேர் இருக்காங்க.

இது பெரும்பாலும் லினக்ஸ் ஆளுங்களுக்கு, அதுலயும் ஏஎம்டி வேகா இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு. 2021-ல கிராஃபிக்ஸ் கார்டு விலை ஆகாசத்துல இருந்தப்ப ரிச்சி ஸ்ட்ரீட் போய் கார்டே வேணாம்னு ரைசன் 5 5600ஜி போட்டு பிசி கட்டினவங்க சென்னைல நெறைய பேர், அதுக்கு முந்தி 3200ஜி, 3400ஜி வாங்கினவங்களும் அதே குடும்பம்தான், ட்ரைவர் இதையெல்லாம் ஜிஎஃப்எக்ஸ்9-ன்னு ஒரே தலைமுறையா பாக்கும். வேகா 56, 64 கார்டும் இதுல சேரும். இன்டெல், விண்டோஸ் ஆளுங்களுக்கு கடைசில கொஞ்சம் இருக்கு. ஒண்ணு சொல்லிடறேன், ஃபைல் பேரு, செட்டிங் பேரு எல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கறப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா பின்னாடி வர்ற ரிசல்ட் எதுவும் புரியாது. சிபியு ஒரு ப்ரோக்ராமை நிறுத்தி இன்னொண்ணை ஓட்டறது சின்ன வேலை, கொஞ்சம் ரெஜிஸ்டரை எடுத்து வெச்சா போதும். ஜிபியு அப்படி கிடையாது. வேகால ஒவ்வொரு கம்ப்யூட் யூனிட்லயும் வெக்டர் ரெஜிஸ்டர் மட்டுமே 256 கேபி, 5600ஜில அந்த மாதிரி 7 யூனிட், போதாததுக்கு ஒவ்வொண்ணுக்கும் 64 கேபி லோக்கல் மெமரி. ஓடிட்டிருக்கற ஷேடரை (ஜிபியுல ஓடற குட்டி ப்ரோக்ராம்) அப்படியே உறைய வெச்சு இவ்ளோத்தையும் வெளிய எடுத்து வெச்சுட்டு திரும்ப உள்ள வைக்கறது சும்மா இல்ல. மெஸ்ல மாஸ்டர் கல்லு நெறைய தோசை ஊத்தி வெச்சிருக்கறப்ப அவசரமா ஒரு நெய் ரோஸ்ட் கேட்டு ஒருத்தர் வந்தா அவருக்கு ரெண்டு வழிதான், அரைவேக்காட்டு தோசை எல்லாத்தையும் எடுத்து ஓரமா வெச்சுட்டு ரோஸ்ட்டை ஊத்தலாம், இல்லன்னா இந்த ஈடு முடியட்டும்னு சொல்லிட்டு அடுத்த ஈடு ஊத்தறதுக்கு முன்னாடி ரோஸ்ட்டை நுழைக்கலாம். ஏஎம்டில எம்சிபிபின்னு சொல்றாங்களே, மிட் கமாண்ட் பஃபர் ப்ரீஎம்ப்ஷன், அது ரெண்டாவது வகை. கமாண்ட் பஃபர், அதாவது ஜிபியுக்கு அனுப்பற வேலைப் பட்டியல், முழுசா முடியற வரைக்கும் காத்திருக்காது, ஆனா ஒரு ட்ரா (வரையச் சொல்ற ஒரு கட்டளை) முடிஞ்சு அடுத்த ட்ரா ஆரம்பிக்கற இடைவெளில வெட்டும். ரெஜிஸ்டரை எல்லாம் தூக்க வேண்டாம், ஆனா திரும்பி வர்றப்ப பைப்லைன் ஸ்டேட்டை மறுபடி லோட் பண்ணணும். ஒரு தடவை நடந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் நடந்தா தெரியும்.

யாருக்காக வெட்டுது? பெரும்பாலும் கம்போசிட்டருக்காக, அதாவது எல்லா விண்டோவையும் சேர்த்து ஸ்க்ரீன்ல காட்டற ப்ரோக்ராமுக்காக. கேடிஇ டெஸ்க்டாப்போட கம்போசிட்டர் கேவின் தன்னோட ஜிபியு வேலைக்கு ஹை ப்ரயாரிட்டி கேக்கும், கேம் நார்மல் ப்ரயாரிட்டில ஓடும். ஜிஎஃப்எக்ஸ்9-ல எம்சிபிபி ஆன்ல இருந்தா ட்ரைவர் ஒரே ஹார்ட்வேர் ரிங் (ஜிபியுக்கு வேலை போற கியூ) மேல ஜிஎஃப்எக்ஸ் லோ, ஜிஎஃப்எக்ஸ் ஹைன்னு ரெண்டு சாஃப்ட்வேர் ரிங் போட்டு, ஹைல வேலை வந்தா லோல ஓடறதை வெட்டிட்டு, முடியாத மிச்சத்தை திரும்ப அனுப்பும். 2023-ல லினக்ஸோட மையமான கெர்னல்ல இதை ஜிஎஃப்எக்ஸ்9-க்கு டிஃபால்ட்டா ஆன் பண்ணாங்க, பழைய மேசா ட்ரைவரோட (கேமுக்கும் கெர்னலுக்கும் நடுவுல இருக்கற கிராஃபிக்ஸ் ட்ரைவர்) சேர்ந்தா ஹேங் ஆகுதுன்னு அதே வருஷக் கடைசில திரும்ப ஆஃப் பண்ணிட்டாங்க. அதனால நீங்க எந்த கெர்னல்ல உக்காந்திருக்கீங்கங்கறதைப் பொறுத்து, நீங்க எதையும் தொடாமலே இந்த செட்டிங் ஆன்லயும் இருந்திருக்கும், ஆஃப்லயும் இருந்திருக்கும்.

இதுல பல பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. "ப்ரீஎம்ப்ஷன் மாறிடுச்சு"ன்னா ரெண்டு பக்கமும் அடி விழலாம். புதுசா ஆன் ஆச்சுன்னா கேம் அடிக்கடி வெட்டுப்பட்டு ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேம் வர்றதுக்கு ஆகற நேரம்) கோணல்மாணலா போகும், ஆனா டெஸ்க்டாப் நல்லா வழுக்கிட்டுப் போகும். ஆஃப் ஆச்சுன்னா கேம் சந்தோஷமா ஓடும், ஆனா விண்டோவை இழுத்தா ஒட்டிக்கிட்டு வரும், ஏன்னா கம்போசிட்டர் கேமோட நீளமான வேலை முடியற வரைக்கும் கியூல நிக்குது. உங்களுக்கு எது நடக்குதுன்னு முதல்லயே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுடுங்க, கேம் மட்டும் திக்குதா, டெஸ்க்டாப் மட்டும் திக்குதா, ரெண்டுமா. ரெண்டும் எப்பவுமே ஒண்ணா மந்தம்னா, கேம் தனியா ஓடறப்பவும் மந்தம்னா, அது ப்ரீஎம்ப்ஷனா இருக்க வாய்ப்பு கம்மி, வேற இடத்துல தேடுங்க.

அந்த வேற இடங்களை இப்பவே கழிச்சிடலாம். முதல் ஆள் நம்ம ஊரு வெயில். மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல மத்தியானம் டெஸ்ட் பண்ணிட்டு ராத்திரி எடுத்த ரிசல்ட்டோட கம்பேர் பண்ணா அது கெர்னல் டெஸ்ட் கிடையாது, கத்திரி வெயில் டெஸ்ட். ஏஎம்டிஜிபியு டாப்-னு ஒரு டூல் இருக்கு, அதுல டெம்பரேச்சரையும் கோர் க்ளாக்கையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க, ஜெர்க் அடிக்கற நேரத்துல க்ளாக் சரிஞ்சா முதல்ல ஃபேனைத் துடைங்க. ரெண்டாவது ரேம், இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, ஒரே ஸ்டிக் போட்டு சிங்கிள் சேனல்ல ஓட்டறவங்களுக்கு யூட்யூபும் கேமும் மெமரிக்கு அடிச்சுக்கறதே போதும், பாக்கறதுக்கு அப்படியே ப்ரீஎம்ப்ஷன் மாதிரியே தெரியும். மூணாவது ஷேடர் கேஷ், இதுதான் ரொம்ப ஏமாத்தும். மேசா அப்டேட் ஆனா பழைய கேஷ் செல்லாது, முதல் தடவை கேம் ஓடறப்ப ஷேடரை எல்லாம் திரும்ப கம்பைல் பண்ணும், அப்ப கண்டிப்பா திக்கும். ஒரே இடத்துல கொஞ்ச நேரம் சுத்தி விளையாடிட்டு, அதுக்கப்பறம் அளக்க ஆரம்பிங்க.

நாலாவது, ஒரே அப்டேட்ல மூணு விஷயம் சேர்ந்து மாறும்: கெர்னல், மேசா, லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜ். ஃபர்ம்வேரை யாரும் கண்டுக்கறதே இல்ல, ஆனா வெட்டற வேலையை நிஜமா செய்யறது ஜிபியுக்குள்ள இருக்கற கமாண்ட் ப்ராசசர், அதுக்கு மைக்ரோகோட் வர்றது அந்த பேக்கேஜ்லதான். அதனால உங்க டிஸ்ட்ரோவோட அப்டேட் லாகைத் திறந்து அன்னிக்கு என்னென்ன மாறுச்சுன்னு பாத்து குறிச்சுக்கோங்க. கெர்னலை மட்டும் பழசுக்கு மாத்தறது ரொம்ப ஈஸி, க்ரப் மெனுல (பூட் ஆகறப்ப வர்ற மெனு) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல பழைய கெர்னல் இருக்கும், அதுல பூட் பண்ணி பாருங்க. அப்பவும் அதே ஜெர்க்குன்னா கெர்னலை விட்ருங்க, மேசாவையும் ஃபர்ம்வேரையும் ஒண்ணொண்ணா பழசுக்கு கொண்டு போங்க.

இப்ப அளக்கறது. எஃப்பிஎஸ் நம்பரை நம்பாதீங்க. ஒரு செகண்ட்ல 54 ஃப்ரேம் 15 மில்லி செகண்ட்லயும் மிச்சம் 6 ஃப்ரேம் 30 மில்லி செகண்ட்லயும் வந்தா மொத்தம் 990 மில்லி செகண்ட், ஆவரேஜ் 60-க்கு மேலயே காட்டும், ஆனா ஒரே செகண்ட்ல ஆறு தடவை கண்ணுல உறுத்தும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேமுக்கு உங்க கைல இருக்கறது 16.67 மில்லி செகண்ட்தான். மேங்கோஹட் போட்டுக்கோங்க, அதுல ஃப்ரேம்டைம் கிராஃப் ஓடும், லாக் ஃபோல்டரை செட் பண்ணிட்டா இடது ஷிஃப்ட்டையும் எஃப்2-வையும் அழுத்தினா சிஎஸ்வி ஃபைலா எழுதிக்கும். விசிங்கை (ஃப்ரேமை மானிட்டர் ரேட்டோட கட்டிப் போடற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு, கேம்ல ஒரே சேவ், ஒரே இடம், முடிஞ்சா கேம்லயே இருக்கற பெஞ்ச்மார்க் சீன். சிஎஸ்வியை ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு ஆவரேஜை விட்டுட்டு 99-வது பர்சன்டைலையும் (100-ல 99 ஃப்ரேம் இதுக்குள்ள வந்துடும்ங்கற நேரம்), 25 மில்லி செகண்டைத் தாண்டின ஃப்ரேம் எத்தனைங்கறதையும் பாருங்க.

நாலு நிலைமைல அளங்க. கேம் தனியா ஃபுல்ஸ்க்ரீன்ல, கேம் விண்டோல, கேம் விண்டோல இருக்கறப்ப பக்கத்துல 4கே வீடியோ, கடைசியா டெஸ்க்டாப்பே இல்லாம வேற டிடிஒய்ல (வெறும் டெக்ஸ்ட் கன்சோல்) கேம்ஸ்கோப்புக்குள்ள (கேமுக்குன்னே இருக்கற சின்ன கம்போசிட்டர்) கேம். ஃபுல்ஸ்க்ரீன்ல கம்போசிட்டர் பெரும்பாலும் ஒதுங்கிக்கும், கேமோட பஃபரை நேரா ஸ்க்ரீனுக்கு அனுப்பிடும், அதனால ஃபுல்ஸ்க்ரீன்ல சுத்தமா ஓடி விண்டோல மட்டும் கிராஃப்ல முள்ளு முள்ளா நின்னா ஜிபியுக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்கன்னு அர்த்தம். ஆனா அங்கயே முடிவு பண்ணிடாதீங்க, மெமரி பேண்ட்வித் சண்டைக்கும் இதே ரிசல்ட்தான் வரும். பிரிச்சுக் காட்டறது அடுத்த ஸ்டெப்.

அடுத்த ஸ்டெப்ல ஒரே ஒரு ஸ்விட்சை மட்டும் மாத்துவோம். சிஸ், மாட்யூல், ஏஎம்டிஜிபியு, பாராமீட்டர்ஸ் ஃபோல்டருக்குள்ள எம்சிபிபின்னு ஒரு ஃபைல், அதைப் படிச்சா 0, 1 இல்ல மைனஸ் 1 வரும். மைனஸ் 1-னா "ட்ரைவரே பாத்துக்கும்"னு அர்த்தம், ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு அதை வெச்சு சொல்ல முடியாது. அதுக்கு ரூட்டா டீபக் எஃப்எஸ்ல போய் டிஆர்ஐ ஃபோல்டருக்குள்ள உங்க கார்டோட நம்பர் போட்ட ஃபோல்டர்ல ஏஎம்டிஜிபியு ஃபென்ஸ் இன்ஃபோ ஃபைலைப் பாருங்க (பேருக்கு நடுவுல ஸ்பேஸ் இல்ல, அண்டர்ஸ்கோர்). ஒவ்வொரு ரிங் பேரும் வரும், எம்சிபிபி ஓடினா ஜிஎஃப்எக்ஸ் லோ, ஜிஎஃப்எக்ஸ் ஹை ரெண்டும் லிஸ்ட்ல இருக்கும். அதே ஃபைல்ல கிராஃபிக்ஸ் ரிங்குக்குக் கீழ லாஸ்ட் ப்ரீஎம்ப்ட்டட்னு ஒரு லைன் இருக்கும். ஜெர்க் அடிக்கறப்ப கொஞ்ச இடைவெளி விட்டு ரெண்டு தடவை படிங்க, நம்பர் ஓடிட்டே இருந்தா வெட்டு விழுந்துட்டிருக்கு, 0-லயே தூங்கினா உங்க சந்தேகம் பலவீனம்.

ஸ்விட்சை மாத்த க்ரப் ஃபைலை எடிட் பண்ண வேண்டியதில்ல. பூட் ஆகறப்ப க்ரப் மெனுல இ அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கற லைனோட கடைசில ஏஎம்டிஜிபியு புள்ளி எம்சிபிபி சமம் 0-ன்னு சேர்த்து கண்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்க, அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் ஆஃப் ஆகும். இன்னொரு பூட்ல 1 போடுங்க. மைனஸ் 1-ல விட்டு கம்பேர் பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் நீங்களே சொன்ன வேல்யூவா இருக்கட்டும். 1 போடறப்ப ஹேங் ஆகலாம், முக்கியமா மேசா பழசா இருந்தா, அதனால திறந்திருக்கற வேலையெல்லாம் சேவ் பண்ணிக்கோங்க, எஸ்எஸ்எச் (வேற மெஷின்ல இருந்து உள்ள நுழையற வழி) ஆன்ல வெச்சிருந்தா இன்னும் நல்லது. அப்பறம் ஆர்டர்: 0, 1, 1, 0-ன்னு ஓட்டுங்க. 0, 1-ன்னு மட்டும் ஓட்டினா ரெண்டாவதா ஓடறப்ப கேபினெட் சூடாயிருக்கும், அந்த சூட்டோட பழி 1 மேல விழும்.

ரிசல்ட்டைப் படிக்கறது இப்ப சுலபம். 0-ல விண்டோ மோடு முள்ளு காணாமப் போய் 1-ல ரெண்டு தடவையும் திரும்ப வந்தா, வெட்டுதான் காரணம். 0, 1 ரெண்டுலயும் அதே முள்ளுன்னா பேண்ட்வித், இல்ல சிபியு பக்கம் பாருங்க. 0-ல கேம் நல்லா ஆகி, டெஸ்க்டாப் இழுவை மோசமாச்சுன்னா உங்களுக்கு முழுத் தீர்வு கெடைக்கல, எது தொந்தரவு கம்மின்னு நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். என்னைக் கேட்டா வேகா மாதிரி சின்ன ஜிபியுல 0-தான், கேமோட ஃப்ரேம் லிமிட்டை மானிட்டர் ரேட்டுக்குக் கொஞ்சம் கீழ வெச்சுட்டா கம்போசிட்டருக்கும் மூச்சு விட இடம் கெடைக்கும், ரெண்டு பேரும் சண்டை இல்லாம இருப்பாங்க.

இன்னும் உறுதியா காட்டணும், பக் ரிப்போர்ட் போடணும்னா ட்ரேஸ் எடுங்க. ட்ரேஸ் சிஎம்டி டூல்ல ஜிபியு ஷெட்யூலர், ஏஎம்டிஜிபியு, டிஎம்ஏ ஃபென்ஸ் மூணு குரூப் ஈவென்ட்டையும் ஆன் பண்ணி, ஜெர்க் அடிக்கறப்ப சில செகண்ட் மட்டும் ரெக்கார்ட் பண்ணுங்க, நிமிஷக்கணக்குல எடுத்தா ஃபைல் வீங்கி திறக்கவே மாட்டேங்கும். அதை ஜிபியுவிஸ்ல திறந்தா ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு வரிசையும், எந்த ப்ராசஸ் எப்ப வேலை கொடுத்துச்சு, எப்ப ஓட ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சதுங்கறதும் கட்டம் கட்டமா தெரியும். சாதாரணமா 12 மில்லி செகண்ட்ல முடியற கேம் வேலை, நடுவுல கம்போசிட்டர் கட்டம் வந்த ஃப்ரேம்ல மட்டும் கம்போசிட்டர் எடுத்துக்கிட்ட நேரத்தை விட ரொம்ப அதிகமா இழுத்தா, அந்த மிச்சம்தான் வெட்டி ஒட்டறதுக்கான கூலி. கம்போசிட்டர் 1 மில்லி செகண்ட் எடுத்து கேம் 13-ல முடிஞ்சா அது நியாயமான பங்கு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. மாத்திப் பாத்தா, கம்போசிட்டர் வேலை கொடுத்தும் ஓடாம கேம் கட்டம் முடியற வரைக்கும் காத்துக் கெடந்தா உங்க பிரச்சனை ப்ரீஎம்ப்ஷன் இல்லாததால வருது.

ஜிபியு ஷெட்யூலர் மாட்யூல்ல ஷெட் பாலிசின்னு ஒரு பாராமீட்டரும் இருக்கு, 0 ரவுண்ட் ராபின் (மாத்தி மாத்தி), 1 ஃபிஃபோ (முதல்ல வந்தவர் முதல்ல). இது ஹார்ட்வேர்ல வெட்டறது இல்ல, அதுக்கு முன்னாடி கியூல யாரை முதல்ல விடறதுங்கற சமாச்சாரம், ஆனா கெர்னல் மாறினா இதோட டிஃபால்ட்டும் மாறலாம். எம்சிபிபில ஒண்ணும் மாறலைன்னா இதையும் அதே 0, 1, 1, 0 கணக்குல ஒரு தடவை பாத்துடுங்க.

பழைய கெர்னல் நல்லா ஓடுது, புதுசு ஓடல, எம்சிபிபியும் காரணம் இல்லன்னு வந்தா அடுத்தது கிட் பைசெக்ட்தான், அதாவது நல்ல வெர்ஷனுக்கும் கெட்ட வெர்ஷனுக்கும் நடுவுல பாதி பாதியா பிரிச்சு, எந்த மாற்றம் கெடுத்துச்சுன்னு தேடறது. ட்ரைவர்ஸ், ஜிபியு, டிஆர்எம் ஃபோல்டருக்குள்ள மட்டும் தேடச் சொல்லி ஆரம்பிச்சா ஸ்டெப்பு குறையும். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டா இப்ப லோட் ஆகியிருக்கற மாட்யூல் மட்டும் கம்பைல் ஆகும், நேரம் ரொம்ப மிச்சம், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க யூஸ் பண்ற பென்ட்ரைவ், வைஃபை டாங்கிள் எல்லாத்தையும் சொருகி வெச்சுக்கோங்க, இல்லன்னா புது கெர்னல்ல அது வேலை செய்யாது. ராத்திரி கம்பைல் போட்டுட்டு தூங்கறவங்க யூபிஎஸ் பேட்டரியை ஒரு தடவை பாத்துக்கோங்க, நம்ம ஏரியா கரண்ட்டைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

இன்டெல் லேப்டாப்னா ஐ915 ட்ரைவர்ல ஒவ்வொரு எஞ்சினுக்கும் சிஸ் ஃபோல்டர்ல தனித்தனி செட்டிங் இருக்கு. ரெண்டர் எஞ்சின் பேரு ஆர்சிஎஸ்0, அதுக்குள்ள ப்ரீஎம்ப்ட் டைம்அவுட் வழக்கமா 640 மில்லி செகண்ட், டைம்ஸ்லைஸ் 1 மில்லி செகண்ட், பக்கத்துலயே டாட் டிஃபால்ட்ஸ் ஃபோல்டர்ல ஒரிஜினல் வேல்யூ இருக்கும், உங்க டிஸ்ட்ரோ எதாவது மாத்தியிருக்கான்னு அதோட கம்பேர் பண்ணிக்கலாம். இங்க ரீபூட்டே வேணாம், ரூட்டா எழுதி உடனே டெஸ்ட் பண்ணலாம். கேம் அப்படியே உறைஞ்சு திரும்ப வந்தா டிமெஸ்ஜி (கெர்னல் லாக்) பாருங்க, ஆர்சிஎஸ்0-வை ப்ரீஎம்ப்ஷன் டைம்அவுட்டுக்காக ரீசெட் பண்ணதா லைன் இருந்தா, எதோ ஒரு வேலை வழிவிடச் சொல்லியும் விடல, ட்ரைவர் அடிச்சு எழுப்பியிருக்கு. 12-வது ஜெனரேஷன் லேப்டாப்ல இருந்து இந்த ஷெட்யூலிங் வேலையை ஜிபியுக்குள்ள இருக்கற கக் ஃபர்ம்வேர் பாத்துக்குது, அதனால அங்க ஃபர்ம்வேர் பேக்கேஜ் மேல இன்னும் அதிகமா சந்தேகப்படணும்.

விண்டோஸ்ல இவ்ளோ தோண்ட வழி இல்ல, ஆனா ஒரு ஸ்விட்ச் இருக்கு. 2020 மே மாசம் வந்த விண்டோஸ் 10 2004 வெர்ஷன்ல இருந்து செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் பக்கத்துல ஹார்ட்வேர் ஆக்ஸிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங். ஆன் ஆஃப் பண்ணா ரீஸ்டார்ட் வேணும், ட்ரைவர் அப்டேட் போட்டதுக்கு அப்பறம் அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துக்கோங்க. என்விடியால டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன் யூஸ் பண்றவங்க இதை ஆஃப் பண்ணா அதுவும் போயிடும். அளக்கறதுக்கு மேங்கோஹட்டுக்கு பதிலா ப்ரெசென்ட்மான், அதுல ஜிபியு பிஸி நேரத்தையும் ஃப்ரேம்டைமையும் சேர்த்துப் பாக்கலாம், ஃப்ரேம்டைம் மட்டும் ஏறி ஜிபியு பிஸி ஏறாம இருந்தா அது சிபியு பிரச்சனை, ஷெட்யூலிங்கைத் திட்டாதீங்க. ஒரே கார்டுல பின்னாடி லோக்கல் ஏஐ மாடலை ஓட்டிக்கிட்டே கேம் விளையாடிட்டு ஜெர்க் அடிக்குதுன்னு சொல்றவங்க முதல்ல மாடலை நிறுத்திட்டு பாருங்க, பாதி பேருக்கு அதோட முடிஞ்சிடும்.

ஏஎம்டி பக் ரிப்போர்ட் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேப்ல டிஆர்எம் ஏஎம்டி ப்ராஜெக்ட்ல போடணும். நல்லா ஓடின கெர்னல் வெர்ஷன், ஓடாத வெர்ஷன், மேசாவும் ஃபர்ம்வேரும் எந்த வெர்ஷன், 0, 1-க்கு எடுத்த ரெண்டு சிஎஸ்வி, ட்ரேஸ் ஃபைல், முழு டிமெஸ்ஜி. "அப்டேட்டுக்கு அப்பறம் ஸ்லோ"ன்னு மட்டும் எழுதினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அது வரைக்கும் 0-வை நிரந்தரமா வெச்சுக்கணும்னா க்ரப் டிஃபால்ட் ஃபைல்ல சேர்த்து அப்டேட்-க்ரப் ஓட்டிக்கோங்க, சேர்த்த தேதியையும் அந்த லைனுக்கு மேல கமென்ட்டா போட்டு வைங்க, அடுத்த பெரிய கெர்னல் வர்றப்ப அதை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்.